வைரத்தின் விலை எத்தனை ரூபாய்? வீடியோ கேம் வணிகத்தில் நேர்மையும் நுகர்வோர் உரிமையும்

சென்ற கோடை விடுமுறையில், பெரம்பூரில் இருக்கும் என் அக்காவின் வங்கிக் கணக்கிலிருந்து மூன்று நாட்களுக்குள் ஏழு முறை பணம் போயிருந்தது. கூட்டிப் பார்த்தால் 2,160 ரூபாய். பால் வாங்கவும் காய் வாங்கவும் மகனைக் கடைக்கு அனுப்பும் பழக்கம் இருந்ததால், பதினொரு வயதான அவனுக்கு அம்மாவின் யுபிஐ ரகசிய எண் தெரியும். கைபேசியில் அவன் விளையாடிக்கொண்டிருந்த கேமில் தன் வீரனுக்கு ஒரு புதிய உடுப்பு வாங்கியிருக்கிறான், பிறகு ஒரு துப்பாக்கிக்கு வண்ணம் வாங்கியிருக்கிறான். அக்கா கோபப்பட்டு முடித்த பிறகு அவனைத் தனியே உட்காரவைத்துக் கேட்டேன். அவன் சொன்ன பதிலை இன்னும் மறக்க முடியவில்லை: "மாமா, டிரஸ்ஸுக்கு நான் காசே குடுக்கல. வைரந்தான் குடுத்தேன்."

அவன் பொய் சொல்லவில்லை. திரையில் அவன் கண்டது வைரக்கல் படமும் அதன் பக்கத்தில் 600 என்ற எண்ணும்தான். ரூபாய்க் குறி அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. நானும் அந்தக் கேமைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். 100 வைரம் 80 ரூபாய்க்கும், 310 வைரம் 240 ரூபாய்க்கும், 520 வைரம் 400 ரூபாய்க்கும் கட்டுகளாக விற்கப்படுகின்றன. உடுப்புக்கோ 600 வைரம் வேண்டும். எந்த ஒரு கட்டும் அதற்குப் போதாது. இரண்டு கட்டுகளைச் சேர்த்து 480 ரூபாய் கொடுத்து 620 வைரம் வாங்கினால் 20 வைரம் மிஞ்சும். அந்த இருபதுக்கு அந்தக் கடையில் எதுவும் கிடைக்காது. மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல்தான் பிள்ளை மறுபடியும் ஒரு கட்டு வாங்குகிறான். 600 என்ற விலையையும் 520 என்ற கட்டின் அளவையும் நிர்ணயித்தது ஒரே நிறுவனம். இரண்டும் பொருந்தாமல் போனது தற்செயல் என்று நம்ப எனக்கு வழியில்லை.

வீடியோ கேம் நிறுவனங்களின் வணிக நெறி, நுகர்வோர் பாதுகாப்பு என்ற சொற்களைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு இந்த 20 வைரமே நல்ல தொடக்கம். வணிக நெறி என்பது, யாரும் கட்டாயப்படுத்தாதபோதும் ஒரு நிறுவனம் தன்னிடம் வாங்குபவரிடம் நேர்மையாக நடந்துகொள்வது. நுகர்வோர் பாதுகாப்பு என்பது, நிறுவனம் அப்படி நடக்காதபோது சட்டம் குறுக்கே வந்து நிற்பது. இரண்டுக்கும் அடிப்படையான கேள்வி ஒன்றுதான்: பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், தான் எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பது விளையாடுபவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்ததா? சென்னையில் ஒரு கடைக்காரர் எடைக்கல்லில் ஏமாற்றினால் நமக்கு உடனே கோபம் வருகிறது. கேமில் அந்த எடைக்கல் திரையின் வடிவமைப்புக்குள் ஒளிந்திருப்பதால் பலருக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

இந்தியாவில் இதற்கான அடித்தளம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த இது, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கைபேசியில் இறக்கும் கேமையும், அதற்குள் வாங்கும் உடுப்பையும் வைரத்தையும் பொருள் என்பதா, சேவை என்பதா என்று குழம்பத் தேவையில்லை. மின்னணு வழியில் விற்கப்படும் டிஜிட்டல் பொருட்களும் மின்வணிகத்துக்குள் அடங்கும் என்று இந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கியவரையே சட்டம் நுகர்வோர் என்கிறது. "கேம் இலவசம்தானே, எந்த உரிமையில் கேட்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டால், முதல் 80 ரூபாய் கைமாறிய அந்த நொடியிலிருந்து நாம் நுகர்வோர் என்பதே பதில்.

திரையின் வடிவமைப்பாலேயே வாங்குபவரைத் தடுமாறச் செய்யும் தந்திரங்களுக்கு உலகெங்கும் டார்க் பேட்டர்ன் என்று பெயர். ஏமாற்று வடிவமைப்பு என்று தமிழில் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இவற்றுக்கெதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 13 வகைத் தந்திரங்கள் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. கேம் விளையாடுபவர்களுக்கு அவற்றில் பல பழக்கமானவை. "இன்னும் 10 நிமிடம்தான்" என்று ஓடும் கடிகாரம் முடிந்த பிறகு மறுபடி முதலிலிருந்து ஓடினால் அது பொய்யான அவசரம். வேண்டாம் என்று சொல்வதற்கான பொத்தானில் "எனக்குத் தோற்கத்தான் பிடிக்கும்" என்பது போன்ற வாசகத்தை எழுதி வைப்பது, மறுப்பவரை வெட்கப்படுத்துவது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அதே விற்பனை அறிவிப்பு முகத்தில் வந்து நிற்பது நச்சரிப்பு. மாதச் சந்தாவில் சேர ஒரே தட்டலும், விலக ஆறு பக்கங்களும் வைப்பது சந்தாப் பொறி. இந்தியாவில் அலுவலகமே இல்லாவிட்டாலும், இங்குள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்பனை செய்யும் தளங்களையும் இந்த நெறிகள் கட்டுப்படுத்தும்.

இத்தகைய வடிவமைப்புக்குக் கேம் உலகில் ஒரு பெரிய தண்டனை கிடைத்தது 2022 டிசம்பரில். ஃபோர்ட்நைட் கேமை உருவாக்கிய எபிக் கேம்ஸ் நிறுவனம், அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் செய்துகொண்ட தீர்வின்படி மொத்தம் 52 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. இதில் 27.5 கோடி டாலர் குழந்தைகளின் தனியுரிமைச் சட்டத்தை மீறியதற்கான அபராதம், 24.5 கோடி டாலர் ஏமாற்று வடிவமைப்பால் பணம் இழந்தவர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. ஆணையத்தின் குற்றச்சாட்டு மிகவும் நுணுக்கமானது. பொத்தான்கள் குழப்பமாகவும் இடத்துக்கு இடம் மாறியும் வைக்கப்பட்டிருந்ததால், உறக்க நிலையிலிருந்து கேமை எழுப்பும்போதும், ஒரு பொருளைப் பார்வையிட முயன்று பக்கத்துப் பொத்தானில் விரல் பட்டபோதும் பணம் போயிருக்கிறது. இதைவிட என்னை உலுக்கிய பகுதி வேறு. தாம் வாங்காததற்குப் பணம் போனது என்று வங்கியிடம் முறையிட்டவர்களின் கேம் கணக்குகளையே நிறுவனம் முடக்கியதாகவும், அதனால் அவர்கள் அதுவரை வாங்கிய அனைத்தும் எட்டாமல் போனதாகவும் ஆணையம் கூறியது. பணத்தைத் திருப்பிக் கேட்பதையே தண்டிக்கும் நிறுவனத்திடம் நேர்மை பற்றிப் பேச என்ன மிஞ்சும்?

பிள்ளைகள் கைபேசி வழியாகப் பொருள் வாங்குவது அதற்கும் முன்பே சட்ட நடவடிக்கை வரை போயிருக்கிறது. 2014 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரைப் பெற்றோருக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. பெற்றோர் ஒருமுறை கடவுச்சொல்லை இட்டதும் அடுத்த 15 நிமிடம் பிள்ளை எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்றிருந்த ஏற்பாடு, அப்படி ஓர் இடைவெளி இருப்பதே பெற்றோருக்குத் தெரியாமல் இயங்கியதுதான் அங்கே குறை.

இனி லூட் பாக்ஸ். என் வயதினர் பலருக்கு இதைப் புரியவைக்கப் பெட்டிக்கடைப் பரிசு அட்டை போதும். ஓர் அட்டையில் நூறு சீட்டுகள் ஒட்டப்பட்டிருக்கும், மேலே பந்தும் விசிலும் பொம்மைத் துப்பாக்கியும் கட்டித் தொங்கும். காசு கொடுத்துச் சீட்டைக் கிழித்தால் உள்ளே இருக்கும் எண்ணுக்குரிய பரிசு. பெரும்பாலும் ஒரு மிட்டாய். லூட் பாக்ஸும் அதுதான்: பணம் கொடுத்துப் பெட்டியைத் திறக்கிறோம், உள்ளே என்ன என்பது திறந்த பிறகே தெரியும். ஆனால் பரிசு அட்டையில் ஒரு நியாயம் இருந்தது. எத்தனை சீட்டு மீதம் இருக்கிறது என்பதும், பெரிய பந்து இன்னும் தொங்குகிறதா என்பதும் பையன்களின் கண்ணுக்குத் தெரியும். பந்து போய்விட்டால் யாரும் அந்த அட்டையைத் தொடமாட்டார்கள். லூட் பாக்ஸில் அட்டை நிறுவனத்தின் சர்வரில், அதாவது அவர்களின் கணினியில் இருக்கிறது. பந்து தொங்குகிறதா என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும்.

பந்தே இல்லாமல் சீட்டு விற்றால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவில் சான்று இருக்கிறது. மேப்பிள்ஸ்டோரி என்ற கேமில் ஆயுதங்களின் திறனைக் குலுக்கல் முறையில் மாற்றும் கனசதுரம் போன்ற பொருளை நெக்ஸான் நிறுவனம் விற்றுவந்தது. விளையாடுபவர்கள் பெரிதும் விரும்பிய திறன்கள் வெளிவரும் வாய்ப்பை அந்த நிறுவனம் அறிவிக்காமல் குறைத்தது. சில சேர்க்கைகளுக்கு வாய்ப்பைச் சுழியமாகவே வைத்தது. வராத ஒன்றுக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டினார்கள். 2024 ஜனவரியில் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் ஏறத்தாழ 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச் முதல், இத்தகைய பொருட்களின் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது அங்கே சட்டப்படி கட்டாயமாயிற்று. சீனா 2017இலேயே அதைக் கட்டாயமாக்கியிருந்தது. பெல்ஜியம் 2018இல் ஒரு படி மேலே போய், பணம் கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ் சூதாட்டமே என்று அறிவித்தது. கென்ஷின் இம்பாக்ட் கேமை வெளியிடும் நிறுவனத்தின் மீது 2025 ஜனவரியில் அமெரிக்க ஆணையம் நடவடிக்கை எடுத்தபோது, 2 கோடி டாலர் அபராதத்தோடு, 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றி லூட் பாக்ஸ் விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. விகிதத்தை வெளியிட்டாலே போதும் என்று நான் கருதவில்லை. நூற்றில் 0.6 என்பது என்ன என்று பதினொரு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் வெளியிடுவது முதல் படி, அதுகூட இல்லாத இடத்தில் விற்பனை என்ற சொல்லுக்கே பொருளில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். பணம் கட்டிப் பணம் வெல்லும் ரம்மி, போக்கர் போன்றவை தனிக் கதை. 2003இல் லாட்டரியைத் தடை செய்த தமிழ்நாடு, 2022இல் இணையச் சூதாட்டத்துக்கெதிரான சட்டத்தையும் இயற்றியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. உடுப்பும் வைரமும் விற்கும் சாதாரண கேம்கள் அந்தத் தடைக்குள் வருவதில்லை. அவற்றுக்குப் பொதுவான நுகர்வோர் சட்டம்தான் காவல்.

நேர்மையின் இன்னொரு பக்கம், விற்கும் பொருளைப் பற்றி உண்மை சொல்வது. சைபர்பங்க் 2077 என்ற கேம் வெளியான 2020 டிசம்பரில், பழைய தலைமுறை விளையாட்டுக் கருவிகளான பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றில் அது அடிக்கடி முடங்கி நின்றது. வெளியீட்டுக்கு முன் அந்தக் கருவிகளில் கேம் எப்படி ஓடுகிறது என்பதை அதை உருவாக்கிய நிறுவனம் காட்டவில்லை. காட்டாததற்காகப் பின்னர் மன்னிப்பும் கேட்டது. பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி ஒரே வாரத்தில் தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதும் தவறான விளம்பரத்துக்குச் சமமாகலாம் என்பதே இதில் நாம் பார்க்க வேண்டியது. நம் நாட்டில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். காசு வாங்கிக்கொண்டு கேமைப் புகழ்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ரிச்சி தெருவில் ஒருமுறை ஒரு கேம் பெட்டியைக் கையில் எடுத்து, உள்ளே வட்டு இருக்கிறது, வாங்கினால் நமக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தின் அடியில் எறும்பு அளவில் இருந்த எழுத்துகளை நகத்தால் காட்டினார். "இது நெட் இல்லாம ஓடாது சார். அவன் சர்வரை மூடிட்டா இந்த டிஸ்க்க வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது," என்றார். விற்க வேண்டியவர் அவர். சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைக்கு ஒரு பெட்டி விற்றிருக்கும். அன்று நான் வாங்கவில்லை, ஆனால் கேம் வாங்க இன்றும் அவர் கடைக்குத்தான் போகிறேன்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. 2014இல் வெளிவந்த தி க்ரூ என்ற கார்ப் பந்தயக் கேமின் சர்வர்களை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று மூடியது. தனியாக ஓட்டி விளையாடியவர்களுக்கும் அது அத்தோடு முடிந்தது, ஏனென்றால் அந்தக் கேம் எப்போதும் இணையத்தில் இருந்தால்தான் இயங்கும். இதிலிருந்து கிளம்பிய எதிர்ப்பு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கையெழுத்துகளாகத் திரண்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், சொந்தமாகத் தராமல் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே தரும் டிஜிட்டல் பொருளை விற்பவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாது. யூபிசாஃப்ட் செய்ததற்கு நேர்மாறான நடத்தையும் அதே 2024இல் இருந்தது. ஆகஸ்ட் 23 அன்று சோனி வெளியிட்ட கான்கார்டு என்ற கேம் யாரையும் ஈர்க்கவில்லை. செப்டம்பர் 6 அன்று அதை மூடிய நிறுவனம், வாங்கிய அனைவருக்கும் முழுப் பணத்தையும் திருப்பித் தந்தது. கேம் தோற்பது குற்றமில்லை. தோற்ற கேமின் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதில்தான் நெறி இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் தானாக வந்ததன்று. கணினிக் கேம்களின் பெரிய கடையான ஸ்டீம், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தரும் முறையை 2015 ஜூனில்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய "திருப்பித் தரமாட்டோம்" என்ற நிபந்தனைகளுக்காக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுக்க, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு 2016இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எங்கள் நிபந்தனைகளில் எழுதியிருக்கிறதே என்பது நாட்டின் சட்டத்துக்கு மேலான பதிலாகாது. நம் சட்டத்திலும் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற பிரிவு இருக்கிறது. தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையை நிறுவனம் தனக்கே எழுதிக்கொள்வது அதில் அடங்கும்.

குழந்தைகளின் தகவல்களைப் பற்றி ஒரு சொல். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும், அவர்களின் நடத்தையைக் கண்காணித்து அதற்கேற்ப விளம்பரம் காட்டக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரால் செல்லத்தக்க ஒப்பந்தமே செய்துகொள்ள முடியாது. "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பெட்டியில் என் அக்கா மகன் இட்ட குறிக்கு எத்தனை மதிப்பு என்பதை அந்த நிறுவனமும் அறியும்.

புகார் செய்ய நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது எளிது: பணம் போன குறுஞ்செய்திகள், ஆப் கடையின் ரசீதுகள், விலை காட்டிய திரையின் படங்கள் ஆகியவற்றை அழியாமல் எடுத்து வைப்பது. பிறகு ஆப் கடையிலேயே ரீஃபண்ட் கேட்கலாம். அடுத்து நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். கடைசியாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் எங்கோ இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்: புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே, சென்னைவாசி என்றால் சென்னையிலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். எழுதத் தெரியவில்லை என்றால், 1985 முதல் சென்னையில் இயங்கிவரும் சிஏஜி (சிட்டிசன் கன்ஸ்யூமர் அண்ட் சிவிக் ஆக்ஷன் குரூப்) போன்ற நுகர்வோர் அமைப்புகளிடம் வழி கேட்கலாம்.

அக்கா இந்த வழியில்தான் போனார். நிறுவனத்தின் ஒப்புகை மறுநாளே வந்தது. மூன்று வாரம் கழித்து வந்த தீர்வில், இன்னும் செலவாகாத வைரங்களுக்கான 480 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு, மற்றவை பயன்படுத்தப்பட்டுவிட்டதால் 1,680 ரூபாயைத் தர இயலாது என்று எழுதியிருந்தார்கள். ஆணையத்துக்கான மனுவைப் போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். என்ன நிவாரணம் வேண்டும் என்ற இடத்துக்கு வந்ததும், பணம் என்று மட்டும் எழுதிவிடலாமா என்று கேட்டேன். நியாயமற்ற வணிக முறையை நிறுத்தும்படி உத்தரவிடவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை அக்கா அதற்குள் படித்து வைத்திருந்தார். முதல் வரியில் 1,680 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதினார். இரண்டாவது வரியில், ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் அதன் விலையை ரூபாயில் காட்ட உத்தரவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.